தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தொல்லியல் கருத்தரங்கு: பதிவு செய்வதிலிருந்து நடுகல் முன் நிற்பது வரை

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நடக்கும் மரபு, தொல்லியல் கருத்தரங்குக்கு வருபவர்களில் பலர் இரண்டு நாள் அரங்கில் உட்கார்ந்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அரங்கத் திரையில் பார்த்த நடுகல் (இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்) பஸ் போகும் சாலையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் நிற்கிறது. அதைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிக அடர்ந்து கிடைக்கும் நிலம் இதுவும் பக்கத்துத் திருவண்ணாமலையும்தான். கருத்தரங்குக்கு முன் ஒரு நாள், பின் இரண்டு நாள் சேர்த்துத் திட்டமிடுங்கள். இந்த வழிகாட்டி அந்த ஐந்து நாளுக்கானது.

எப்போது வருவது

கருத்தரங்குத் தேதி நம் கையில் இல்லை. ஆனால் களப்பயணத்துக்கு ஏற்ற காலம் தை, மாசிதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு உண்ணிச்செடியும் புல்லும் இடுப்பளவு வளர்ந்து கல்லை மூடியிருக்கும். பொங்கலுக்குப் பிறகு அது காய்ந்து சாயும்போது வயல் ஓரத்துக் கற்கள் வெளியே தெரியும். சித்திரை, வைகாசியில் பாறை கொதிக்கும். காலை 10 மணிக்கு மேல் கோட்டை ஏறுவது ஆபத்து. உலக மரபு வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை என்பதால் அந்த வாரத்தில் நிகழ்ச்சிகள் கூடுதலாக இருக்கும். அப்போது வருபவர்கள் குடையும் ஒரு மாற்றுச் செருப்பும் கொண்டுவர வேண்டும்.

பதிவும் கட்டுரையும்

அழைப்பிதழ் கிடைத்தவுடன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள், முழுக் கட்டுரைக்கான கடைசி நாள், களப்பயணம் உண்டா இல்லையா. களப்பயண இருக்கைகள் பஸ்ஸின் அளவுக்குத்தான் இருக்கும். பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. முதல் நாள் காலையில் கேட்டால் இடம் இருக்காது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வருகைச் சான்றிதழ் எப்போது தரப்படும் என்று முன்பே விசாரித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாம் நாள் நிறைவு விழா முடிந்துதான் தருவார்கள். நான்கு மணிப் பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டுத் தவிப்பவர்கள் ஒவ்வொரு கருத்தரங்கிலும் உண்டு.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு முக்கியமானது எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தயாரித்த திரைக்காட்சி அரங்கத்துக் கணினியில் குறியீடுகளாகச் சிதறிவிடும், அந்த எழுத்துரு அங்கே இருக்காது என்பதால். யூனிகோடில் தட்டச்சு செய்து, கூடவே பிடிஎஃப் வடிவில் ஒரு நகலும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் தந்தால் பன்னிரண்டு படங்களுக்கு மேல் வேண்டாம். வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் உள்ள கல்வெட்டைக் காட்டுவதென்றால் முழுக் கல், எழுத்துப் பகுதி, வாசிப்பு என்று மூன்று படமாகப் பிரித்துக் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே திரையில் திணித்தால் பின் வரிசைக்கு ஒன்றும் தெரியாது.

‘புதிய கண்டுபிடிப்பு’ என்று அறிவிக்கும் முன் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட தர்மபுரிக் கல்வெட்டுத் தொகுதிகளையும் செங்கம் நடுகற்கள் தொகுதியையும் ஊர்ப்பெயர் வாரியாகப் புரட்டிப் பாருங்கள். ஊரின் பழைய பெயரிலோ பக்கத்துக் குக்கிராமத்தின் பெயரிலோ அந்தக் கல் முன்பே பதிவாகியிருக்கலாம். ஊர், வட்டம், நிலத்தின் புல எண், கல்லின் உயரம், அகலம், தடிமன், அது பார்க்கும் திசை ஆகிய எல்லாம் கட்டுரையில் இருக்க வேண்டும். அலைபேசி காட்டும் துல்லிய இருப்பிடத்தைக் குறித்து வையுங்கள், ஆனால் பொது வெளியில் போடாதீர்கள். புதையல் தேடிக் கல்திட்டைகளை (பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னங்களை) தோண்டிப் போடும் கூட்டம் இந்தப் பகுதியில் இன்னும் ஓயவில்லை.

வந்து சேர்வதும் தங்குவதும்

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை. இதைத் தெரியாமல் பயணச்சீட்டு தேடி நேரம் போக்குபவர்கள் பலர். சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். தர்மபுரிக்கு நிலையம் உண்டு. சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பாதையில் இருக்கிறது. பஸ்தான் எளிது. சேலம்–பெங்களூரு வண்டிகள் இரண்டு ஊர் வழியாகவும் இரவு பகலாக ஓடுகின்றன. ஏறும்போதே நடத்துநரிடம் “பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, பைபாஸ்ல இறக்கி விடுவீங்களா?” என்று கேளுங்கள். நள்ளிரவில் மேம்பாலத்தடியில் பெட்டியோடு நிற்கும் நிலை வரக்கூடாது. சொந்தக் காரில் சேலம் பக்கமிருந்து வருபவர்கள் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக வாருங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் அடிக்கடி விபத்து நடக்கும் சாலை அது.

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். கருத்தரங்கு எந்த ஊரிலோ அங்கேயே தங்குங்கள். அது முடிந்ததும் மற்ற ஊருக்கு மாறிக்கொள்ளலாம். முகூர்த்த நாட்களில் இரண்டு ஊர் லாட்ஜும் கல்யாண வீட்டாரால் நிரம்பிவிடும். கருத்தரங்கு தேதியைக் காலண்டரில் பார்த்து, அது முகூர்த்த நாளாக இருந்தால் மூன்று வாரம் முன்பே அறையை உறுதி செய்யுங்கள்.

முந்தைய நாள்: தர்மபுரி நகரம்

முதலில் போக வேண்டிய இடம் தர்மபுரியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம். சுற்றுவட்டாரத்திலிருந்து கொண்டுவந்த நடுகற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. களத்தில் பாதி புதைந்தும் எண்ணெய் படிந்தும் இருக்கும் கற்களைப் பார்ப்பதற்கு முன், இங்கே தெளிவாக உள்ள கற்களில் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. கருத்தரங்குகள் பெரும்பாலும் வெள்ளி, சனியில்தான் வருகின்றன. ஆகவே வியாழனன்றே போய்விடுங்கள், அல்லது ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த அருங்காட்சியகமானாலும் கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

மாலையில் கோட்டைக் கோயில். மல்லிகார்ஜுனரும் காமாட்சியும் இருக்கும் இந்த வளாகத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் தூணைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, அம்மன் சன்னதியின் அடித்தளத்தில் ஓடும் சிறிய இராமாயணச் சிற்பங்களையும் குனிந்து பாருங்கள். நுளம்ப அரசர்கள் இங்கே ஆண்ட காலத்தை நினைவில் வைத்துக்கொண்டால் தூண் வேலைப்பாட்டில் கன்னட நாட்டுச் சாயல் ஏன் இருக்கிறது என்று விளங்கும். தகடூரின் (தர்மபுரியின் பழைய பெயர்) வரலாறு தமிழில் மட்டும் எழுதப்படவில்லை; கன்னடக் கல்வெட்டுகளும் உண்டு.

நேரம் இருந்தால் சேலம் சாலையில் சில கிலோமீட்டரில் உள்ள அதியமான்கோட்டை. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது, வண்ணம் மங்கும். அதே ஊரில் காலபைரவர் கோயில் உள்ளது. தேய்பிறை அஷ்டமி அன்று அந்தச் சாலையில் வண்டி நகராது. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு நடுகல்லை எப்படி வாசிப்பது

இந்தப் பகுதிக்கு வந்தவர் கற்றுக்கொண்டு போக வேண்டிய ஒன்று இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிநிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்து கண்டு, நாள் பார்த்து, நீராட்டி, நட்டு, படையல் வைத்து, வாழ்த்துவது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவனுடைய நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்ததை ஔவை புறநானூற்றின் 232ஆம் பாட்டில் பாடுகிறார். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று கேட்கிறார். அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. இங்கே நடுகல் முன் நின்று அந்தப் பாட்டை நினைத்தால் மனம் கனக்காமல் இருக்காது.

கல்லை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் உருவம். இடக்கையில் வில், வலக்கையில் வாள் அல்லது குறுவாள். மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருக்கலாம். காலடியில் சிமிழ், கெண்டி போன்ற பொருட்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாட்டின் உருவம் இருந்தால் ஆநிரைப் பூசல், அதாவது மாடு கவர்வதிலோ மீட்பதிலோ நடந்த சண்டை. புலியோ பன்றியோ இருந்தால் விலங்கோடு போராடி இறந்தவன். பக்கத்தில் கை உயர்த்திய பெண் உருவம் இருந்தால் அது சதிக்கல்லாக, அதாவது கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்கான கல்லாக இருக்கலாம். ஒரே நிலையில் வீரன் மட்டும் இருந்தால் பொதுவாகப் பழையது. கீழே போர், நடுவில் தேவமகளிர் அழைத்துப் போவது, மேலே இலிங்க வழிபாடு என்று மூன்று அடுக்கு இருந்தால் பிற்காலத்தது.

அடுத்து எழுத்து. பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்து, பெரும்பாலும் வீரனின் தலைக்கு மேலோ இரு பக்கமோ இருக்கும். வாய்பாடு ஏறக்குறைய ஒன்றே. ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர், ‘பருமற்கு யாண்டு’ என்று ஆட்சியாண்டு, பிறகு நாடும் ஊரும், யாருடைய சேவகன், எந்தப் பூசல். ‘தொறு’ என்ற சொல்லைத் தேடுங்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால் கவர்ந்து போன மாட்டை மீட்டு உயிர்விட்டவன். ‘தொறுக் கொண்டு’ என்று வந்தால் மாட்டைக் கவரப் போனவன். ஒரு சொல் மாறினால் வீரன் எந்தப் பக்கம் என்பதே மாறிவிடும்; அவசரமாக வாசிப்பவர்கள் தவறுவது இங்கேதான். ஆண்டு என்பது அந்த அரசனின் ஆட்சியாண்டு மட்டுமே. அவன் எப்போது பட்டமேறினான் என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உள்ளதால் ஒரே கல்லுக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு ஆண்டு இருக்கும். ஆட்சியாண்டை அப்படியே எழுதி, நூற்றாண்டை மட்டும் குறிப்பிடுவது பாதுகாப்பு.

படம் எடுக்கும் முறை

எழுத்து தெரிய ஒளி கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும். கிழக்கு பார்த்த கல்லுக்கு விடியற்காலை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. விடியலில் வெயில் நேராக முகத்தில் விழுவதால் எழுத்து தட்டையாகிவிடும். கிழக்கு பார்த்த கல்லுக்கு முற்பகல் 11 மணியை ஒட்டி, சூரியன் உச்சிக்கு வரும்போதுதான் குழிகளில் நிழல் விழும். மேற்கு பார்த்ததற்குச் சூரியன் உச்சி சாய்ந்த உடனே. தெற்கு பார்த்த கல்லுக்குக் காலையும் மாலையும். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு பார்த்த கல்லில் வெயிலே படாது. அதற்கு ஒன்றரை அடிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒருவர் வெயிலில் நின்று கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கல்லின் மேல் திருப்ப, மற்றவர் படமெடுக்கலாம். மாலை மங்கிய பின் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்தாலும் இதே பலன் கிடைக்கும். பாறைத் தரையில் வெட்டிய எழுத்துக்கு மட்டுமே அதிகாலையும் அந்தியும் ஏற்றவை.

அளவுகோலைக் கல்லின் மேல் சாய்க்காமல் பக்கத்தில் வையுங்கள். சுற்றுப்புறம் தெரியும்படி ஒரு படம், முழுக் கல், நான்கு பக்கம், எழுத்து வரிவரியாக என்று எடுங்கள். முப்பரிமாண உரு செய்ய விரும்பினால் சுற்றி வந்து ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் மூன்றில் இரண்டு பங்கு பொதுப்பகுதி இருக்கும்படி அறுபது, எழுபது படம் எடுங்கள்.

சாக்பீஸ், சுண்ணாம்பு, கோலமாவு எதையும் எழுத்தில் தடவாதீர்கள். அது நுண் துளைகளில் தங்கிவிடும். அதைவிட மோசம், தடவுபவர் தான் நினைத்த எழுத்தையே கல்லில் வரைந்துவிடுகிறார். பின்னால் வருபவருக்கு அதுதான் மூலமாகத் தெரியும். பாசியைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ தேய்ப்பதும் கூடாது. தண்ணீரும் தேங்காய் நாரும் போதும்.

மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் நகல்) எடுப்பதற்குத் தொல்லியல் துறையின் அனுமதியும் பழகிய கையும் வேண்டும். கருத்தரங்கில் செயல்விளக்கம் இருந்தால் முன் வரிசையில் நின்று பாருங்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளைப் பரப்பி, கெட்டியான தூரிகையால் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் பாதி காய்ந்த நிலையில் மையொத்தியால் ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் மை ஊறிப் பரவிவிடும். காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். அந்த நடு நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கலை.

ஊருக்குள் நுழையும்போது

இங்கே பல நடுகற்கள் இன்றும் சாமி. வேடியப்பன் என்றும் வீரகாரன் என்றும் கும்பிடுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். ‘நடுகல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. “அண்ணா, இங்க வேடியப்பன் கோயில் எங்க இருக்கு? எழுத்து வெச்ச கல்லு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டுப் பாருங்கள், ஆடு மேய்க்கும் பெரியவரே கூட்டிப்போவார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்கள் நிறைய. அங்கே வீரகல்லு என்று கேளுங்கள். செருப்பைத் தள்ளிக் கழற்றுங்கள். மஞ்சளும் எண்ணெயும் பூசிய கல்லைக் கழுவ நாமாக முடிவெடுக்கக் கூடாது. பூசாரி சம்மதித்து, அவர் கையால் கழுவினால் மட்டும் சரி. வயலில் நிற்கும் கல்லென்றால் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கேழ்வரகு விளைந்து நிற்கும்போது வரப்பில் மட்டும் நடங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம்: முதல் களநாள்

கிருஷ்ணகிரி கோட்டை நகரத்தை ஒட்டிய சையத் பாஷா மலையில் இருக்கிறது. காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், வழியில் கடை கிடையாது. மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள், பாறை வழுக்கும். 1791இல் ஆங்கிலப் படை இந்தக் கோட்டையைத் தாக்கிப் பிடிக்க முடியாமல் திரும்பியது. செங்குத்தான பாறையில் ஏறிப் பார்த்தால் காரணம் புரியும். அதே ஆண்டு ராயக்கோட்டை அவர்கள் கையில் விழுந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (அன்று இந்தப் பகுதிக்கு வழங்கிய பெயர்) முழுவதும் திப்புவிடமிருந்து கும்பினிக்கு, அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது.

கோட்டை இறங்கியதும் சாப்பிட்டுவிட்டு மல்லச்சந்திரம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட குன்றுப் பகுதியில் பாறை மேல் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கும் இடம். பஸ்ஸை நம்பாமல் வாடகைக் கார் அல்லது இருசக்கர வண்டியில் போங்கள். கடைசிப் பகுதிக்கு ஊராரிடம் வழி கேளுங்கள். பாண்டவர் வீடு என்றும் இவற்றைச் சொல்வதுண்டு. ஒரு திட்டையின் முன் உட்கார்ந்து கட்டுமானத்தைக் கவனியுங்கள். நான்கு பலகைக் கற்கள், ஒன்றின் விளிம்பு அடுத்ததைத் தாங்கும்படி சுழற்சியாக நிறுத்தப்பட்டிருக்கும். அதனால்தான் மேலே மூடிய பெரிய பலகையின் எடையைத் தாங்கியும் சுவர்கள் உள்ளே சாயவில்லை. ஒரு பலகையில் வட்டமான இடுதுளை இருக்கும். சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை ஓவியம் உண்டு. டார்ச் அடித்துப் பாருங்கள், கையால் தொடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். மேல் பலகையில் ஏறி நின்று படமெடுப்பவர்களால் பல திட்டைகள் பிளந்து கிடக்கின்றன.

பர்கூர்ப் பக்கம் தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறை இன்னொரு முக்கிய இடம். அங்கே அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு இரும்புப் பயன்பாட்டைக் கி.மு. 2172க்குக் கொண்டுபோனது, 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அகழ்ந்த குழிகளை மூடிவிடுவதால் போனவுடன் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. பழைய புதைகுழிகளைச் சுற்றிய கல்வட்டங்களையும் நிலத்தின் கிடப்பையும் பார்க்கத் தயாராகப் போனால்தான் ஏமாற்றம் இருக்காது. மேற்பரப்பில் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடந்தால் படமெடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். இடத்தைவிட்டு எடுத்த ஓடு சாட்சி சொல்லாது.

இரண்டாம் களநாள்: கிழக்கா, மேற்கா

தர்மபுரி நடுவில். கிழக்கே அரூர் தாண்டித் தீர்த்தமலை, மேற்கே பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டும் கெடும். சிவன் கோயிலும் மலையேற்றமும் விரும்புபவர்கள் தீர்த்தமலைக்குப் போகலாம்; குரங்குகள் அதிகம் என்பதால் பையைத் திறந்து கையில் பிடிக்காதீர்கள். ஒகேனக்கல் தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுவார்கள். அன்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போகும் நாளில் பாப்பாரப்பட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று மறைந்த ஊர் அது, நினைவிடம் இருக்கிறது. ஓசூரை நோக்கித் திரும்புபவர்கள் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்க்கலாம்.

தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போனால் மாலை 5 மணிக்குள் நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள். கேழ்வரகு முற்றும் மாதங்களில் யானைக்கூட்டம் காட்டைவிட்டு இறங்கி வயலுக்கு வரும். காட்டுக்குள் இருக்கும் பாறை ஓவியம், நடுகல் எதற்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குக் களி கிடைத்தால் விடாதீர்கள். உருண்டையை மெல்லக்கூடாது, கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். ஆனி, ஆடியில் வந்தால் மாம்பழம்.

திரும்பிய பிறகு

அன்றிரவே படங்களை ஊர்ப்பெயர், தேதி, திசை போட்டுப் பிரித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்தால் எந்தக் கல் எந்த ஊர் என்று குழம்பும். பதிவாகாத கல் என்று தோன்றினால் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ, அருகில் உள்ள அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ எழுதுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவையுங்கள். சாலை அகலப்படுத்தும்போது கல் உடைபடாமல் தடுக்க அவரால்தான் உடனே முடியும். கூட்டிப்போன பெரியவருக்கும் பூசாரிக்கும் கல்லின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அடியில் வாசிப்பைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். ஏ4 தாளில் லேமினேட் செய்தால் கோயில் சுவரில் பல மழைக்குத் தாங்கும்.